டப்பா அண்ணனின் ஐந்து நிமிடம்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, அவருக்கு இருபுறமும் தலையாட்டிக்கொண்டிருக்கும் அதிகாரிகளே, இடமின்றி நிற்கும் என் தொழிலாளத் தோழர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே!

மேலாளர் சற்றுமுன் குதிகாலைத் தூக்கி, எட்டி எட்டிப் பேசினார். துக்கத்தால் அல்ல. இந்த மைக் கம்பியின் திருகு துருப்பிடித்து இறங்க மறுக்கிறது! எங்கள் டப்பா அண்ணன் இருந்திருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்குமா?

இருபத்தாறு ஆண்டுகள் லேத் பிரிவின் பராமரிப்பைச் சுமந்தவர். ஷிப்டு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கையில் பழந்துணியும் எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவுமாக வருவார். "முதல்ல துடை, அப்புறம் அடி. ஈரத்து மேல அடிச்சா துருவுக்குப் போர்வை போத்துன மாதிரி" என்பார். கேட்காதவன் காதைத் திருகுவார். என் காதும் தப்பவில்லை.

இதைத்தான் மேலாளர் 'அர்ப்பணிப்பு' என்று புகழ்ந்தார். என்ன அழகான சொல்! "மெஷினுக்குப் பவுடர் பூசறீங்களா? சைரன் அடிக்கிற வரைக்கும் ஓட்டுங்க" என்று அந்த ஐந்து நிமிடத்தைப் பிடுங்கியவர் யார்? இதே மேலாளர்தான்!

பத்து நாள் விடுமுறைக்கு ஆலை மூடும் முன் அண்ணன் கெஞ்சினார். "சார், சூடு தணிக்க ஊத்துன தண்ணி மெஷின் பூரா நிக்குது. அரை நாள் குடுங்க."

"இதுக்கு அரை நாளா? நாங்களே பத்து நிமிஷத்துல முடிச்சுக் காட்டறோம்" என்றார் மேலாளர்.

அவரும் இந்த அதிகாரிகளும் காட்டினார்கள்! துடைக்காமலே, கொசு மருந்து அடிப்பதுபோல் அடித்தார்கள். போட்டோ வேறு எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் பதினொரு லேத்தும் செங்கல் நிறம்.

மெமோ யாருக்கு வந்தது? அண்ணனுக்கு! 'பராமரிப்பில் அலட்சியம்.' எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. இங்கே, எய்யாதே என்று தடுத்தவரை அல்லவா நொந்தார்கள்!

"சோம்பேறின்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அலட்சியம்னுட்டாங்களே" என்று அண்ணியிடம் சாகும்வரை சொல்லியிருக்கிறார். அந்த மெமோ இதோ. இன்று காலை அண்ணி என் கையில் தந்தார்.

இருந்தபோது அலட்சியம், இறந்தபின் அர்ப்பணிப்பா? உங்கள் புகழுரை துடைக்காமல் அடித்த எண்ணெய், ஐயா! உள்ளே துரு அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தோழர்களே! நாளை முதல் சைரனுக்கு ஐந்து நிமிடம் முன்பே லேத்துகள் நிற்கும். துடைப்போம், பிறகு அடிப்போம். மெமோ வந்தால் வரட்டும்!

மேலாளர் அவர்களே, அதற்குப் புதுக் காகிதம் வேண்டாம். இதை உங்கள் முன் வைக்கிறேன். அண்ணன் பெயரை நீக்கிவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். மனம் வரவில்லையா? அவர் பெயருக்குக் கீழே எங்கள் எழுபது பேரையும் எழுதுங்கள்.

அண்ணி பார்த்துக்கொண்டிருக்கிறார். பேனா இருக்கிறதா, நான் தரட்டுமா?