அடக்கம் கேட்டு வந்த மதினி

கல்முனை ஆஸ்பத்திரியில் பெண்கள் மருந்துக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் வெறும் போத்தலோடு நின்றவர் திடீரென்று சொன்னார்:

"என்ட மகளுக்கு அடக்கம் காணாதாம், ராத்தா!"

"ஆரு சொன்ன?" என்றார் பக்கத்தில் நின்ற மூத்தவர்.

"பேசி வெச்ச மாப்பிள்ளட உம்மா, என்ட மதினிதான். புள்ள ரெண்டாம் வகுப்புப் படிக்கக்குள்ளயே, 'பள்ளிக்கூடத்த நிப்பாட்டு, என்ட மகனுக்கு அடக்கமான புள்ளதான் வேணும்' எண்டு ஒத்தக்கால்ல நிண்டவ. நானும் நிப்பாட்டினன். இப்ப அவட மகன் கொழும்புல கிளாக்கராம். கலியாணம் முடிச்ச பொறகு அவன் கடிதம் போட்டா ஆரு வாசிக்கிற, பக்கத்து வீட்டு ஆம்புளயா, அது அடக்கமா எண்டு கேக்கா. நாலெழுத்துத் தெரிஞ்ச வேற புள்ள பாக்கப் போறாவாம்."

"அல்லாஹ்! நிப்பாட்டச் சொன்னதே நீங்கதானே எண்டு மூஞ்சிக்கு நேர கேக்கல்லயா?"

அவர் போத்தலின் தக்கையைப் பிடுங்கினார், மறுபடி அமுக்கினார்.

"வாய் வரைக்கும் வந்திச்சு. எதிர்த்துக் கதச்சா, உம்மாவுக்கே அடக்கமில்ல எண்டு ஊரெல்லாம் சொல்லுவா. தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பினன்."