சூப் சங்கத்துக்கு எட்டுப் பேர்

உலர்ந்த பீன்ஸை முந்தின நாளே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அவசரத்துக்கு டின் பீன்ஸைக் கொட்டினால் சூப் குழகுழவென்று ஆகிவிடும். ஒன்பது வருடத்தில் ஒரு வியாழக்கிழமைகூட நான் டின்னைத் திறந்ததில்லை. எதற்கெடுத்தாலும் குறுக்குவழி தேடுகிறவள் என்று என்னை நீங்கள் நினைத்துவிடக் கூடாது, மேடம், அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கல்லூரியின் மாணவர் அலுவலகத்திலிருந்து நீங்கள் கேட்டது ஒரே ஒரு கையெழுத்தைப் பற்றி. சூப் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் ஓடிலியா பரோஸோ என்ற பெயருக்கு எதிரே இருப்பது நான் போட்ட கையெழுத்துதான். ஆனால் நீங்கள், "நடந்ததை முழுசா எழுதிக் குடுங்க" என்று ஒரு கட்டுத் தாளை நீட்டினீர்கள். இத்தனை தாளை வாங்கிக்கொண்டு ஒரு வரி எழுதித் தந்தால் நன்றாக இருக்காது.

என் பெயர் வில்டா ப்ரூயிட். வயது ஐம்பத்தாறு. பீச் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஆலையை இழுத்து மூடியபோது, வேறு தொழில் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களையெல்லாம் இந்தச் சமுதாயக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு சான்றிதழை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். நான் கட்டவில்லை. பருவத்துக்கு ஒரு வகுப்பு எடுத்தால் போதும், மாணவி என்ற அட்டை கையில் இருக்கும். முதலுதவி, ஸ்பானிஷ், மேடைப் பேச்சு, கறவை மாட்டுத் தீவனம் என்று எது கிடைத்தாலும் படித்தேன். என்னிடம் மாடு கிடையாது.

மாடு மட்டுமா, வீட்டில் யாருமே கிடையாது. கணவர் ராய் போய்ப் பதினோரு வருடமாகிறது. மகன் அலாஸ்காவில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். வெள்ளி முதல் புதன் வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஜீவன் இல்லை. வியாழன் பன்னிரண்டரை மணிக்கு, எந்த வகுப்பும் நடக்காத அந்தச் சங்க நேரத்தில், நூற்றுப் பன்னிரண்டாம் அறையில் என்னைத் "தியா" என்பார்கள். அத்தையோ சித்தியோ, மெக்ஸிகோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் சொல். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மோங் இனத்துப் பிள்ளைகளும் ஆர்மீனியப் பையன் ஹைகாஸும்கூட அதையே பிடித்துக்கொண்டார்கள். வாரம் ஒருவர் தங்கள் வீட்டு சூப்பைக் கொண்டுவருவார்கள், அல்லது நான் வைப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மிகைப்படுத்தவில்லை.

ஆனால் சங்கத்துக்கு எட்டு மாணவர்கள் வேண்டும். பருவத்தின் மூன்றாவது வெள்ளிக்குள் எட்டுக் கையெழுத்து. ஏழு என்றால் கலைத்துவிடுவார்கள், அறை வீடியோ கேம் சங்கத்துக்குப் போய்விடும். அவர்கள் நாற்பது பேர், குளிர்பதனப் பெட்டியுள்ள அந்த அறைமேல் அவர்களுக்கு ஒரு கண். அவர்களுடைய தலைவன் ப்ரெண்ட் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு வம்புக்கிழுப்பான்.

"என்ன தியா, இந்தத் தடவையாவது எட்டு தேறுமா? இல்ல, நாங்க சோபாவத் தூக்கிட்டு வந்துரட்டுமா?"

"வாடா, வந்து பானையக் கழுவு."

அவன் சிரித்துக்கொண்டே போவான். நான் பட்டியலை எடுத்துப் பெயர்களை மறுபடி எண்ணுவேன்.

இது இரண்டு வருடக் கல்லூரி. யாரும் தங்குவதற்கு வருவதில்லை. பெயர் மனதில் பதிந்து, யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குக் கொத்தமல்லி பிடிக்காது என்று தெரிந்துகொள்வதற்குள் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்விடுவார்கள். அதற்காகத்தானே வருகிறார்கள் என்பீர்கள். நியாயம்தான்.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே மறதி. பாவோ ஷியோங் என்ற மோங் பையன், நர்ஸ் படிப்புக்கான விண்ணப்ப உறையைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அது கார் இருக்கைக்கு அடியில் விழுந்துவிட்டது. கடைசித் தேதி போன பிறகுதான் கண்ணில் பட்டது. அழுதேன். அவனிடம் சொல்லிவிடத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் முந்திக்கொண்டான்.

"நான்தான் முகவரிய ஏதோ தப்பா எழுதித் தொலச்சிருக்கேன், தியா. எனக்கு எப்பவும் இப்படித்தான். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை. அவன் இன்னொரு வருடம் இருந்தான். அவன் அம்மா வைக்கும் பச்சிலைக் கோழி சூப்பை அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை சாப்பிட்டோம். எட்டுப் பேர் சரியாக இருந்தோம்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இங்கே வருகிற பிள்ளைகள் அவரவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஒரு படிவம் தவறிப்போனால் கல்லூரியைக் குறை சொல்ல மாட்டார்கள், அடுத்தவரைச் சந்தேகப்படமாட்டார்கள். தங்களையே திட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, மறுபடி வரிசையில் நிற்பார்கள். உங்கள் அலுவலகத்துக்கு ஒருவரும் புகார் கொண்டுவராததன் காரணம் இதுதான்.

அதன் பிறகு நடந்தது எதுவும் மறதி இல்லை. ஆறு வருடத்தில் பதினோரு பேர். எல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஹைகாஸின் கட்டுரையைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கி, கெடு முடிந்த மறுநாள் மிக நன்றாகத் திருத்திக் கொடுத்தேன். இன்னொரு பெண்ணை நேர்காணலுக்கு நானே காரில் கூட்டிப்போனேன், ஒரு மணி நேரம் தாமதமாக. நான் யாருடைய படிப்பையும் கெடுக்கவில்லை, ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். இளவயதில் ஒரு வருடம் என்பது ஒன்றுமே இல்லை. என் வயதில்தான் அது பெரிது.

ஓடிலியா வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. எல்லாச் சங்கங்களும் புல்வெளியில் மேஜை போட்டு ஆள் பிடிக்கும் அந்த வாரத்தில் என் பானைக்கு முன்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம்.

"இது சும்மாவா?"

"சும்மாதான். பேர மட்டும் எழுதணும்."

"பேரு தான, நாலு தடவகூட எழுதறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று கிண்ணம் குடித்தாள். திராட்சைத் தோட்டக் கூலிக்காரர் வீட்டுப் பெண். அப்படி வாய்விட்டுச் சிரிக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. வரும்போதே, "தியா, இன்னிக்கு உப்புப் போட்டீங்களா, இல்ல போன வாரம் மாதிரியா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள். அவளை நான் நேசித்தேன். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

இந்த வருடம் மார்ச்சில், கடலோரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது, முழு உதவித்தொகையோடு. புள்ளியியல் பாடத்தை முடித்துவிட்டு வரவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். விண்ணப்பத்துக்கு உதவியதால் அவள் கடவுச்சொல் எனக்குத் தெரியும். வகுப்பிலிருந்து விலகக் கடைசி நாள் ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. அறையில் எல்லோரும் அவள் கொண்டுவந்த இறைச்சி உருண்டை சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலையிலிருந்த கணினியில் அவள் பெயரால் நுழைந்து, புள்ளியியலிலிருந்து அவளை விலக்கினேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்திவிட்டு வந்து இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஓடிவந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள்.

"தியா, ஸ்டாட்ஸ் வகுப்புல என் பேரே இல்ல. நானே விலகிட்டதாக் காட்டுது. நான் அப்படிப் பண்ணவே இல்ல... இல்ல, பண்ணிட்டேனோ? போன் திரை உடைஞ்சு கெடக்கு, எங்கயாவது கை பட்டிருக்கும். அய்யோ, எனக்கு ஏன் தியா இவ்வளவு மொக்க புத்தி?"

"அழாத, கண்ணு. மறுபடி சேர்த்துக்கச் சொல்லி மனு எழுது. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

எழுதினாள். எழுத்து அழகாக இருந்தது. அந்த மனு இத்தனை நாள் என் கைப்பையில்தான் இருந்தது, இப்போது இத்துடன் இணைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கேட்பாள். "மெதுவாத்தான் பாப்பாங்க" என்பேன். பதில் வரும் வரும் என்று காத்திருந்ததில் கோடைக்கால வகுப்பும் நிரம்பிவிட்டது. ஜூலையில் பல்கலைக்கழகம் இடத்தை ரத்து செய்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இங்கே திரும்பவும் பதிவு செய்தாள். வகுப்பில்லாத நாட்களில் அப்பாவோடு திராட்சை பறிக்கப் போனாள்.

பருவத்தின் மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, அவளிடமிருந்து செய்தி வந்தது. "தியா, இந்த வாரம் தோட்டத்த விட்டு வர முடியாது. பட்டியல்ல என் பேரையும் போட்டுருங்க, அப்புறமா வந்து கையெழுத்து போடறேன். சங்கத்துப் பெரிய பானை எங்க வீட்லதான் இருக்கு, திட்டாதீங்க." புதன் மதியம் வெயில் நூற்றுப் பத்து டிகிரி. கொடி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை, சங்க நேரத்தில், நான் பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவள் தங்கை கஸில்டா போன் செய்தாள். அக்கா போய்விட்டாள் என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். என்னைத் தூக்கிவிட மூன்று பேர் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பட்டியலுக்குக் கடைசி நாள். என்னையும் சேர்த்து ஏழு பேர் இருந்தோம். அவள் பெயரை எழுதி, அவளைப் போலவே கொஞ்சம் சாய்த்துக் கையெழுத்துப் போட்டேன். அன்றைய தேதியையே போட்டேன், முந்தின தேதியாக மாற்றி எழுதத் தோன்றவில்லை. அவள் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தேன்.

மருத்துவமனைத் தாளில் வெயில் என்று எழுதியிருக்கிறார்கள். அவளை அந்த வெயிலுக்கு அனுப்பியது நான். ஏப்ரலில் ஒரு முறை விரலால் அழுத்தினேன், பிறகு ஒரு தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இதை மறைக்கப் போவதில்லை. அவள் கடலோரத்தில் இருந்திருந்தாலும் வியாழக்கிழமைகளில் என்னிடம் இருந்திருக்கமாட்டாள் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

போன வாரம் கஸில்டா பானையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். "அக்கா எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவா. நானும் சேந்துக்கறேன், தியா" என்று கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு வயது, முதல் பருவம், கணக்கில் கெட்டி. கடவுச்சொல்லை நான் கேட்கவில்லை. விண்ணப்பத்துக்கெல்லாம் உதவுங்கள் என்று அவளாகவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவளையும் சேர்த்தால் இப்போது எட்டுப் பேர் சரியாக இருக்கிறோம், மேடம். ஓடிலியாவின் பெயரை நீங்கள் தாராளமாக அடித்துவிடலாம்.