ஐந்தாம் எண் படத்துக்குச் சொந்தக்காரன்

உலக நீர்வண்ண ஓவிய வரலாற்றில் நிகழ்ந்துவிட்ட ஒரு மாபெரும் பிழையைத் திருத்தும் பொருட்டு, எங்கள் தீவின் லவுத்தோக்கா நகரத்து சைன்போர்டு பெயிண்டர் அப்பாசாமியாகிய நான், சுயபுத்தியுடனும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஆக்லாந்தில் போன மாதம் நடந்த கண்காட்சியில் ஐந்தாம் எண்ணாக மாட்டியிருந்த படம் என்னுடையது.

சகலருக்கும் என்று தொழில் பழக்கத்தில் வந்துவிட்டது. உங்களுக்கு மட்டும்தான், மியூரியல் அண்ணி. உங்கள் மகள் ஏப்ரல் அனுப்பிய கண்காட்சிப் புத்தகம் கிடைத்தது. அட்டையில் உங்கள் கணவர் நார்மன் அண்ணன் வட்டத் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏப்ரலுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தனியாகப் படித்து, உங்கள் வாயாலேயே அவளுக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படத்துக்கு ‘ஞாயிறு: தன்னுருவம், 1987’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அவர் இறந்த பிறகு போலீஸ் கொடுத்த மூட்டையில், மூக்குக் கண்ணாடிக்கும் பாட்டுப்புத்தகத்துக்கும் நடுவில் அது இருந்திருக்கிறது. காவலில் அவரே வரைந்தது என்று நினைத்துக்கொண்டீர்கள். ‘முகம் கரைகிறது, கதவு நிற்கிறது, நெகிழ்வும் துல்லியமும் இத்தனை சரியாகக் கூடிவந்த நீர்வண்ணத்தை நான் கண்டதில்லை’ என்று அங்கே ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார். நாலு தடவை படித்தேன். முப்பது வருடம் நான் காத்திருந்த வாக்கியம் அது. இன்னொருவர் பேருக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நீர்வண்ணத்தில் வெளிறியதை முதலில் வைக்க வேண்டும், இருட்டைக் கடைசியில். அதே வரிசையில் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பகலெல்லாம் கடைப் பலகைகளில் எனாமல் பெயிண்ட். அதில் தப்பு வந்தால் மேலே இன்னொரு பூச்சு, முடிந்தது கதை. நீர்வண்ணத்தில் அந்த வசதி கிடையாது, போட்டது தெரியும். அதனால் நான் ஒவ்வொரு கோட்டையும் பயந்து பயந்து போட்டேன். நார்மன் அண்ணனோ பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். சிட்னியில் ஆறு வார வகுப்புக்குப் போய்வந்தவர். அந்த ஆறு வாரத்தை அடுத்த பதினாறு வருடமும் பேசினார். ரவீந்திராவின் துணிக்கடைக்குப் பின்னறையில் எங்கள் ஏழு பேரைச் சேர்த்து ஓர் ஓவிய வட்டம் ஆரம்பித்து, தலைவராகவும் அவரே ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எண்பத்தாறில் அந்த வட்டத்தின் ஆண்டுக் காட்சி. சர்க்கரை மில்லை நாலு மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தேன். கரும்பு ரயிலின் பெட்டிகள் பதினேழு, சரியாகப் பதினேழு. அண்ணன் என் படத்துக்கு முன்னால் நின்று, தொப்பியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

“அடே அப்பாசாமி, இது படமாடா? சைன்போர்டு. கீழே ‘இங்கு சர்க்கரை கிடைக்கும்’னு எழுதிடு, வேலை முடிஞ்சுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், அண்ணி. வாயை முந்தானையால் மூடிக்கொண்டு.

“கையை லூசா விடணும்டா. பாதியைக் காட்டு, போதும். பாக்கிறவன் கண்ணு மிச்சத்தை முடிச்சுக்கும்.”

சொல்லிவிட்டு, அகலமான பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி என் மில்லின் மேல் இடமிருந்து வலமாக ஓர் இழு இழுத்தார். பதினேழு பெட்டிகளும் சேறாயின. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறு வருடம் மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ரவீந்திரா கடையைப் பூட்டிவிட்டுக் கனடா போய்விட்டார். செப்டம்பரில் மறுபடியும் பிடித்தார்கள். முதல் தடவை பிடித்தது சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, விளையாட்டு கூடாது, பஸ் ஓடாது, ஆராதனைக்கு மட்டும் போகலாம் என்று உத்தரவு வந்தது. ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். எங்கள் சிப்பாய்கள் அன்றுதான் அதிகம் உழைத்தார்கள். அண்ணன் இந்த உத்தரவை வரவேற்றுப் பிரசங்கமே செய்தார். உங்கள் மூவருக்கும் நியூசிலாந்து விசாவும் வந்துவிட்டது. ஜனவரிக்குள் போய்ச் சேர வேண்டும், போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. சைன்போர்டு எழுதுகிறவனை எந்த நாடும் கூப்பிடவில்லை.

உங்களுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பிரசங்கம் செய்த அதே மனிதர் ஞாயிறு காலை எட்டு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, துறைமுகத்தில் தனியாக உட்கார்ந்து படம் வரைந்துவிட்டு, ஒன்பதரைக்குக் கோயிலில் முதல் பெஞ்சில் இருப்பார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை தம் படங்களை மட்டும் பின்னறையிலிருந்து எடுத்துப்போனார், ஆக்லாந்துக்குக் கட்டுவதற்கு. மறுநாள் நான் வெள்ளைச் சட்டை, டை, கையில் பாட்டுப்புத்தகப் பை சகிதம் கிளம்பினேன். பையில் மண்ணெண்ணெய். முனையில் சிப்பாய் “லோத்து?” என்றான், ஆராதனைக்கா என்று. “லோத்து” என்றேன். வழிவிட்டான். துணிக்கடைப் பின்கதவின் தாழ்ப்பாளை, பலகைக்குப் பட்டி பூசும் கத்தியால் நெம்பினேன். என் படங்கள் பதினொன்றும் உள்ளே இருந்தன, சேறான மில் உட்பட. தன் படத்தைத் தானே கொளுத்துவான் என்று யார் சந்தேகப்படுவார்கள்?

ஸ்டேஷனில் கார்ப்பரல் யோகேந்திரா. அண்ணனிடம் படித்தவர், அடியும் வாங்கியவர். என் சமையலறைச் சன்னலிலிருந்து, ஐம்பது கஜத்துக்கு அப்பால், ஒருவர் பின்கதவைத் திறப்பதைப் பார்த்ததாகச் சொன்னேன்.

“யாருன்னு தெரியுமா?”

“பேர் சொல்ற அளவுக்குத் தெரியலை, சாப்.”

“நீ பெயிண்டர்தானே. பார்த்ததை வரை.”

வரைந்தேன். கையோடு கொண்டுபோன நீர்வண்ணத்தில்தான். நான் யார் பேரையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தை நெகிழ்வாக விட்டேன். தொப்பியையும் கதவையும் துல்லியமாகக் காட்டினேன். மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் முடித்துக்கொண்டது. அவர் சொல்லிக்கொடுத்த பாடம்.

நெம்பிய கதவு சாம்பலாகியிருந்தது, அண்ணனிடம் சாவி இருந்தது. அவர் படங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. ஞாயிறு காலை தெருவில் நடக்க அவரைப் போன்ற கிறிஸ்தவர்களால்தான் முடியும். காவலில் வைத்து, எட்டு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, பிரசங்கம் செய்த வாய் இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தது: துறைமுகத்தில் வரைந்துகொண்டிருந்தேன், இதோ படம். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அண்ணி, அற்புதமான நெகிழ்வு. கார்ப்பரல் நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கப்பலா, எருமையா என்று கேட்டார். ஒரே ஒரு கிரேனைக் கோடு போட்டுக் காட்டியிருந்தால் அன்று மாலையே வீட்டுக்கு வந்திருப்பார்.

இனி இருட்டு.

அவருக்குச் சர்க்கரை வியாதி. ஸ்டேஷன் பக்கம் வரப் பயந்து, தினமும் காலையில் ஊசி மருந்தை ஐஸில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள். “அப்பாசாமி, உன்னைத்தாண்டா நம்பியிருக்கேன்” என்றீர்கள். ஒன்பது நாள், ஒன்பது பொட்டலம். ஒன்றும் போய்ச் சேரவில்லை. பத்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்கு. அந்தச் சின்னப் புட்டிகளில் நான் வண்ணம் கரைத்து வைக்கிறேன். மூடி நன்றாக இறுகுகிறது.

படம் என்னுடையது என்பதற்கு அத்தாட்சி கேட்பீர்கள். ஐந்தாம் எண்ணைப் பாருங்கள்: தாழ்ப்பாளில் மூன்று திருகாணிதான் இருக்கும், நாலாவதன் இடத்தில் ஓட்டை. ஐம்பது கஜத்திலிருந்து அது தெரியாது. நெம்பியவனுக்குத்தான் தெரியும். பதின்மூன்று வருடம் அந்த ஓட்டையை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. இங்கே இந்த வருடமும் துப்பாக்கி எடுத்துக்கொண்டு பாராளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டார்கள். பழைய தீயைப் பற்றி விசாரிக்க ஆளில்லை. ஆகவே படத்தின் கீழே பேரை மட்டும் மாற்றினால் போதும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகத்தை நான் நெகிழ்வாக விடவில்லை. மூக்கு, மீசை, சுருக்கம், எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். கார்ப்பரல் பார்த்துவிட்டு, “யார் இந்த ஆள்? லவுத்தோக்காவில் இப்படி ஒரு மூஞ்சியே கிடையாதே” என்றார். பக்கத்தில் இருந்த சட்டியிலிருந்து கொட்டாங்கச்சியில் யங்கோனாவை மொண்டு வாயருகே கொண்டுபோனபோது, அந்த வேர்ச்சாறு ஈரத் தாளில் சிந்தியது. முகம் கரைந்து ஓடியது. தொப்பி மிஞ்சியது.

“அரே, இது நம்ம மாஸ்டர்ஜி!” என்றார் கார்ப்பரல்.

அண்ணன் சொன்னது சரி, நான் சைன்போர்டுக்காரன்தான். நான் வரைந்தது கதவும் தொப்பியும்தான்.