கல்லறையில் ஆட்டெலும்பு

– ஆடுன்னா? என்னா எஸ்தர் சொல்ற?

– ஆடுதான் அண்ணி. பாலாத்துல மணல் அள்ளும்போது கெடைச்சுதுன்னு, காணாமப்போன எங்கண்ணன்னு நெனச்சிப் புதைச்சோமே, அது மனுச எலும்பே இல்ல.

– சில்லு சில்லா நொறுங்கிக் கெடந்துச்சேம்மா. அதுல உனக்கு என்னா தெரிஞ்சிது?

– பெட்டியை மூடறதுக்கு முன்னாடி ஒரு சில்லு எடுத்து வெச்சிக்கினேன். சென்னையில எங்க லேப்ல மாஸ் ஸ்பெக்னு ஒரு மெஷின் இருக்குது. எலும்புல இருக்கிற புரோட்டீனைப் பிரிச்சி, துண்டு துண்டாக்கி உள்ள வுட்டா, ஒவ்வொரு துண்டும் என்னா எடைன்னு சொல்லிடும். மனுசனுக்கு வர்ற எடை வேற, ஆட்டுக்கு வர்ற எடை வேற.

– மெஷின் தப்பா சொல்லாதா?

– நான் தப்பு பண்ணலாம். அதான் என் கை படாம கலையரசி மேடத்தை ஓட்டச் சொன்னேன். அவங்களுக்கும் ஆடுதான் வந்துச்சி.

– யார்கிட்டயாவது சொன்னியா?

– பஸ்ஸை வுட்டு எறங்கி நேரா உங்க சாயப்பட்டறைக்குத்தான் வரேன். கையைக் கழுவிக்கினு வாங்க, வூட்டுக்குப் போலாம். அம்மாகிட்ட சொல்லணும்.

– கொப்பரை கொதிச்சிக்கினு இருக்குது. பட்டு நூலை இப்ப எடுத்தா திட்டுத் திட்டாப் பூடும்.

– என்னா அண்ணி! அண்ணன் உயிரோட இருக்கலாம்னு சொல்றேன், நீங்க சாயத்தைப் பத்திப் பேசறீங்க!

– கத்தாதம்மா. உள்ள லோகேஷ் இருக்காரு.

– அவருக்கும்தான் தெரியட்டுமே. வர்ற ஞாயித்துக்கெழம சர்ச்சுல அவரு உங்க கழுத்துல தாலி கட்டி, மறுநாளே எங்கண்ணன் வாசல்ல வந்து நின்னா?

– வர மாட்டாரு.

– எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க? செத்துட்டாருன்னதும் உங்களுக்கு நிம்மதியாப் பூட்சா?

– நிம்மதியா? நாய் கொலைச்சாக்கூட அவருதான்னு எழுந்து ஓடினவம்மா நான். எவ்ளோ வருசம்! இப்பதான் அழுது முடிச்சிருக்கேன். வுட்டுடு.

– அம்மாவை நெனச்சிப் பாருங்க. அந்த எலும்புப் பொட்டணத்தை மடியில வெச்சிக்கினு, 'கட்டம் போட்ட துணியைப் பாருங்க, என் ராமராஜன்தான்'னு கதறினாங்களே. போலீஸ் வேணாம், டெஸ்ட் வேணாம், பெத்தவளுக்குத் தெரியாதான்னு சண்டை போட்டாங்களே. ஒரு ஆட்டெலும்புக்கா அவங்க நெஞ்சில அடிச்சிக்கினு அழுவணும்? பாவம் அண்ணி. எனக்கு வயிறு எரியுது. நான் சொல்லத்தான் போறேன், கல்யாணத்தையும் நிறுத்தத்தான் போறேன்.

– அத்தைகிட்ட சொல்லாத எஸ்தர். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

– ஏன்? லோகேஷ் உங்களுக்கு அவ்ளோ முக்கியமாயிட்டாரா?

– லோகேஷைத் தேடிப் போயிப் பேசினதே அத்தைதான். 'வடிவுக்கு இனிமேலாவது ஒரு நல்லது நடக்கட்டும்'னு அவரு முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டாங்க.

– மவன் செத்துட்டான்னு நம்பினதாலதான கும்பிட்டாங்க!

– இல்லம்மா. அந்தப் பொட்டணம் கெடைக்கறதுக்கு முன்னாடியே, வாலாஜாபாத் சந்தையில உங்கண்ணன் வேற ஒருத்திகூட, தோள்ல ஒரு கொழந்தையோட காய் வாங்கிக்கினு நின்னதை, என் கையைப் புடிச்சி இழுத்துக்கினு போயிக் காட்டுனதே உங்கம்மாதான்.