காய்ச்சாத தோல்

"டிரம்முக்குள்ள பேய் இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"உள்ள ஒண்ணும் இல்ல. கொஞ்சம் மரத்தூள்தான் இருந்துச்சு."

"அப்பறம் இன்னாத்துக்கு இந்த பில்டப்பு?"

"இனியா, நடுவுல பேசினா நிறுத்திடுவேன்."

படூரில் கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மழை விட்ட பாடில்லை. எட்டாவது மாடிப் படிக்கட்டில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு செல்போன் வெளிச்சம். சொல்லிக்கொண்டிருந்தவள் அனு. நடந்தது அவளுக்கு இல்லை. அவளோடு வேலை பார்க்கும் சஹானா இருக்கிறாள் அல்லவா, அவளுடைய அண்ணன் ஹரிஹரனுக்கு. அனு சொன்னது இதுதான்.

அன்றைக்கும் மழைதான். கார்த்திகை மாசம். மணி ஆறரை. மாமல்லபுரத்தைத் தாண்டிப் புதுப்பட்டினம் போகிற ரோடு. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறு பக்கம் தண்ணீர் நிற்கிற வெட்டவெளி. எதிரே ஒரு வண்டி கிடையாது. ஹரிஹரன் காரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்... ஒரு காங்கோ வாங்க.

காங்கோ தெரியும்தானே. இடுப்பு உயரம் நிற்கும். பீப்பாய் மாதிரி நடுவில் பருத்திருக்கும். கையால் அடிக்கிற டிரம். கடையில் கிடைப்பதெல்லாம் அவனுக்கு ஆகாது. கையால் செய்தது, பழசு, அதுதான் வேண்டும். நாவலூரில் கம்பெனி வேலை. சனி ஞாயிறு வந்தால் எங்கே பழைய தோல் வாத்தியம் கிடைக்கும் என்று அலைவான். ஊரில் ஒருவருக்குப் பைத்தியம் கோயில் மேல், ஒருவருக்கு நிலத்தின் மேல். இவனுக்கு இது.

புதுப்பட்டினத்தில் சடையப்பன் என்று ஒருவர். படகு கட்டும் ஆசாரி. ஒரு காலத்தில் மாமல்லபுரத்துக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவனிடம் காங்கோவைப் பார்த்து, ஒரே ஒரு மத்தியானம் அதைக் கேட்டு வாங்கி, கயிற்றால் அளவெடுத்து, பலா மரத்தில் தானே ஒன்று செய்தாராம். படகுப் பலகையை வளைக்கிற கை. அதை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு ஆர்கெஸ்ட்ராவில் முப்பது வருஷம் வாசித்திருக்கிறார். இப்போது பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

கதவைத் திறந்தது அவர் மனைவி கன்னியம்மா.

"இன்னா தம்பி, இந்த மழையிலயா வந்த? வா, வா. பொண்ணு வூட்டுக்குப் போறோம், செங்கல்பட்டுக்கு. மூணாவது மாடி. இந்த உருப்படிய அங்க எங்க வெக்கிறது, சொல்லு?"

"ஐயா எப்படி இருக்காரு?"

"பேச மாட்டாரு. காது மட்டும் பாம்புக் காது. நீ சந்துல திரும்பக்கொள்ளவே கண்ண முழிச்சிட்டாரு."

சடையப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருக்கு எதிரே காங்கோ.

ஹரிஹரன் டார்ச் அடித்துப் பார்த்தான். பதினொரு பலகை. ஒன்றோடு ஒன்று சேர்ந்த இடத்தில் தலைமுடி நுழைய இடமில்லை. தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே பார்த்தான். உளி இழுத்த தடங்கள் மேலிருந்து கீழாக ஒரே சீராக, மழைக்கோடு மாதிரி. படகுக்குப் பூசுகிற குங்கிலிய வாசனை இன்னும் போகவில்லை. தோலின் நடுவில் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த ஒரு வட்டம். இப்படி ஒன்றை அவன் வாழ்நாளில் தொட்டதில்லை.

ஆனால் பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டினால் சாமான் கைக்கு வராது. குறை சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அந்தக் காங்கோவுக்கு ஸ்க்ரூ கிடையாது. தோலை நனைத்து இழுத்துச் சுற்றிலும் ஆணி அடித்தது. அதைத் திருகி ஏற்ற முடியாது. நெருப்பில் காட்டிக் காய்ச்சித்தான் ஏற்ற வேண்டும். மழை நாளில், கடலோரத்தில், காய்ச்சாமல் தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டுவது போலத்தான் கேட்கும். இது ஹரிஹரனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அதுதான் விஷயம்.

காய்ச்சாமல் தட்டினான்.

பொத்... பொத்... பொத்.

சடையப்பன் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, காற்றில் மெதுவாகத் திருப்பினார். பிறகு அடுப்படியைக் காட்டினார். மறுபடியும் கையைத் திருப்பினார். மறுபடியும் அடுப்படி.

காய்ச்சு என்கிறார். ஹரிஹரனுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

அவன் குனிந்து காங்கோவின் அடிப்பாகத்தைப் பார்த்தான்.

"தோல் செத்துப்போச்சுங்கய்யா. மரமும் விட்டுப்போயிருக்கு. ஹால்ல அழகுக்கு வெச்சுக்கலாம். வாசிக்க ஆகாது."

கன்னியம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சடையப்பனின் கை அப்படியே இறங்கியது. காங்கோவைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கொடுத்துவிட்டார்கள்.

"பாவி," என்றாள் ஸ்ரீதேவி படிக்கட்டின் மேலிருந்து.

"யாவாரம்னா அப்படித்தான்," என்றான் இனியன். "இதுல இன்னா பேய் கீது?"

"இரு."

வீட்டுக்கு வந்ததும் ஹரிஹரன் மனைவி காயத்ரியின் ஹேர் ட்ரையரை எடுத்துத் தோலுக்குக் காட்டினான். நாற்பது நிமிஷம். சுற்றிச் சுற்றி. தோல் இறுகுவது காதுக்கே கேட்டது... கிரக், கிரக் என்று. பிறகு ஒரே ஒரு தட்டு.

நடுவில் தட்டினால், ஆழக் கிணற்றில் தேங்காய் விழுந்த மாதிரி 'தூம்'. ஓரத்தில் தட்டினால், வெயிலில் மூங்கில் வெடித்த மாதிரி 'டக்'. அடுப்படியிலிருந்து காயத்ரி கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

"என்னங்க இது... வயித்துக்குள்ள கேக்குது?"

நாற்பது நொடி வாசித்து செல்போனில் பதிந்தான். கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினான். கன்னியம்மாவின் நம்பரும் அதே போனில்தான் இருந்தது. கட்டைவிரல் அது வரைக்கும் போனது. அனுப்பியிருந்தால் அந்த மனுஷர் கேட்டிருப்பார். பாம்புக் காது. ஆனால் அனுப்பினால், சாயங்காலம் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தான். மறுநாளும் அதையே நினைத்தான்.

நான்காம் நாள் காலை கன்னியம்மா கூப்பிட்டாள்.

"அவரு போயிட்டாரு தம்பி. உனுக்கும் சொல்லணும்னு தோணுச்சு."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி. மூன்று பத்து. ஹரிஹரனுக்கு விழிப்பு வந்தது. சத்தம் எதுவும் இல்லை. வாசனை. தேங்காய் மட்டை எரிகிற வாசனை. அவன் வீடும் எட்டாவது மாடிதான், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. எழுந்து ஹாலுக்கு வந்தான். புகை இல்லை. நெருப்பு இல்லை. இருட்டில் காங்கோ நின்றது. போய்த் தோல் மேல் கை வைத்தான்.

சுட்டது.

இளஞ்சூடு இல்லை. அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

காலையில் கொஞ்சம் துணிச்சல் வந்து தட்டிப் பார்த்தான். பொத். நகத்தால் சுண்டினால் கல் மாதிரி இறுகியிருக்கிறது. உள்ளங்கையால் தட்டினால்... பொத்.

"தள்ளுங்க," என்று காயத்ரி வந்து விளையாட்டாக ஒரு தட்டு தட்டினாள்.

தூம்.

"உங்க கைராசி அப்படி," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் தினமும் மூன்று பத்து. தினமும் மட்டை வாசனை. தினமும் சூடு. அவன் கைக்கு மட்டும் பொத். ஒரு நாள் தரை துடைக்க வருகிற வேண்டா என்ற பெண், காங்கோவைச் சுற்றித் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"இன்னா சார், வூட்டுக்குள்ளயே அடுப்பு மூட்டினீங்களா? கை நெறைய சாம்பலு."

ஹரிஹரன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவனுக்குப் பயம் கொஞ்சம்தான். அவனை அரித்தது வேறு. செய்தவர் காதில் கடைசியாக விழுந்தது அந்தப் 'பொத்'. முப்பது வருஷம் தன் கையில் பேசிய ஒன்றைச் செத்துப்போனது என்று நம்பிக்கொண்டே அந்த மனுஷர் செத்திருக்கிறார். அதை நம்பவைத்தது இவன். அரை மணி நேர நெருப்பு போதும் என்று தெரிந்தே.

சடையப்பனின் காரியத்துக்கு முந்தின ராத்திரி முடிவு பண்ணினான். போய்ச் சொல்லிவிட வேண்டும். அவரிடம் முடியாது. அந்த அம்மாவிடமாவது. காங்கோவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

மணி பத்தே கால். அதே ரோடு. மழை இல்லை. சவுக்குத் தோப்பில் காற்று மட்டும். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்... "அம்மா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்... அம்மா, அது பொய்..." சந்தில் திரும்பும்போது கார் ஜன்னல் வழியாக வாசனை வந்தது. மட்டை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கன்னியம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பாத்திரம் எதுவும் இல்லை.

"எடுத்தாந்தியா?" என்றாள். யாரென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். சொல்லிவிட்டான். தோல் ஈரம் என்று தெரிந்தது, அவர் கை காட்டியது, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தது, பதிந்து வைத்ததை அனுப்பாமல் விட்டது... எல்லாம். சொல்லி முடிக்கும்போது தேம்பிக்கொண்டிருந்தான்.

கன்னியம்மா திட்டவில்லை.

"எனுக்கும் தெரியும் தம்பி."

"என்னம்மா?"

"முப்பது வருசம் அவருக்கு மட்ட எரிச்சிக் குடுத்தவ நானு. ஈரத் தோலு இன்னா சத்தம் போடும்னு எனுக்குத் தெரியாதா? அன்னிக்கு அடுப்பு எரிஞ்சிகினுதான் இருந்துச்சு. சத்தம் நல்லா வந்துச்சின்னா அவரு குடுக்க மாட்டாரு. அத்த வுட்டு வரவும் மாட்டாரு. பொண்ணு வூட்டுக்கு எப்பிடியாச்சும் இட்டுகினு போயிடணும்னு... சொம்மா நின்னுட்டேன்."

ஒரு மட்டையை எடுத்து நெருப்பில் வைத்தாள். புகை அவள் முகத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அவளுக்குக் கண் எரியவில்லை போல.

"தெனம் ராவுல எழுப்புறாரு. மட்ட எரின்றாரு. எரிக்கிறேன். இப்ப நல்லாத்தான் பேசறாரு, தெளிவா. தோலு செத்துப்போச்சா கன்னீ, தோலு செத்துப்போச்சான்னு விடியற வரிக்கும் கேட்டுகினே கீறாரு. இல்லய்யா, நல்லாத்தான் கீதுன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். மனசத் தேத்துறதுக்குச் சொல்றன்னு நெனச்சிக்கிறாரு. நம்ப மாட்டேன்றாரு."

அப்போதுதான் அவள் முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். ஆனால் ஹரிஹரனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, கொஞ்சம் உயரத்தில் பார்த்தாள்.

"தோ, உன் பின்னாடிதான் நின்னுகினு கீறாரு. செத்துப்போச்சுன்னு சொன்னது நீதான... நீயே அவராண்ட சொல்லிடேன் தம்பி."