வழியனுப்பி வைத்த பந்து

— மேஜைக்கு அடியிலயா?

— மேஜைக்கு அடியிலதான்டா கோந்து. முட்டி போட்டுக்கிட்டு.

— முப்பத்தொரு வருஷமா இதை வயித்துக்குள்ளயே வெச்சிருந்தியா மைக்கு?

— வெச்சிருந்தேன். போன வாரம்தான் உன் பொண்ணுகிட்ட கக்கினேன். எங்கப்பா முன்னாடி வந்து சொல்லுங்கன்னு கையோட இழுத்துட்டு வந்துட்டா.

— இழுக்காம என்ன பண்ணுவேன்? அப்பா, மாமாவைத் திட்டணும்னா அப்புறமா உட்கார்ந்து திட்டிக்கோங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கால்பந்துச் சங்கத்து ஆபீஸ்ல கடிதாசு சேரணும். இப்ப மணி மூணு. முதல்ல முழுசாக் கேளுங்க.

— விடும்மா. டீ ஆறுது, அவன் குடிக்கட்டும்.

— எனக்கு டீ வேணாம்டா, டீயாலதான் வந்த வினையே. அன்னைக்கு வர்ணனை பண்றப்போ தொண்டை கட்டியிருக்குன்னு எண்பத்தஞ்சாவது நிமிஷத்துல ஒரு டம்ளர் வாங்கி வெச்சேன். கை பட்டுக் கவுந்துடுச்சு. ஆட்டக்காரங்க பேரு எழுதின தாளு கீழே போயிடுச்சு. குனிஞ்சேன். அது நனைஞ்சு மேஜைக்காலோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. மேல ஒரே கூச்சல். எழுந்து பார்த்தா பந்து வலைக்குள்ள கிடக்கு. நீ கம்பத்துக்குப் பக்கத்துல நட்டு வெச்ச மாதிரி நிக்கிறே.

— ஆக, நடுவுல என்ன நடந்துச்சுன்னு நீங்க பார்க்கவே இல்லை.

— பார்க்கலை பாப்பா. ஆனா வாயைத் திறந்தாகணுமே! நாலு செகண்டு சத்தம் வரலேன்னா, ஸ்டேஷன்ல லைன் அறுந்துபோச்சுன்னு நினைச்சுப் பாட்டைப் போட்டுடுவாங்க. கடைசி ஆட்டம், ஊரே ரேடியோவைச் சுத்தி உட்கார்ந்திருக்கு. ரெண்டு செகண்டு அப்பவே போயிடுச்சு. நீ நின்ன நிலையைப் பார்த்தேன், வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.

— அதைச் சொல்லேன் மைக்கு. அதே குரல்ல ஒரு தடவை.

— வேணாம்டா.

— சும்மா சொல்லு. ரேடியோவுல நான் கேட்டதில்லையே. விசாரணையில டேப்பைப் போட்டாங்க, அதுவும் கரகரன்னு என்னவோ கேட்டுச்சு.

— 'நேயர்களே, பந்து உருண்டு வருகிறது... உருண்டு வருகிறது... நம் கோந்து, ஊருக்குப் போகும் விருந்தாளியை பஸ் ஏற்றிவிட வந்தவர் போல நின்று, வழியனுப்பி வைக்கிறார்!'

— குரல் அப்படியே இருக்குடா உனக்கு.

— அப்பா! ரசிக்கிறீங்களா? இந்த ஒரு வரியால நான் என்ன பட்டேன் தெரியுமா? அப்ப எனக்கு ஆறு வயசு. ஸ்கூலுக்குப் போற வழியெல்லாம் பசங்க நின்னு டாட்டா காட்டுவாங்க. 'பந்துக்கு டாட்டா காட்டினவரு பொண்ணு போறா'ம்பாங்க. ஒருத்தனுக்குப் பல்லு பேந்துடுச்சு, நான் விட்ட குத்துல.

— பின்னே பி.டி. டீச்சராகாம வேற என்னவா ஆவே நீ?

— சிரிக்காதீங்க மாமா. எனக்கு உங்க மேல கோபம் இன்னும் போகலை.

— போகவேணாம் பாப்பா. வெச்சுக்கோ. ஆனா கோந்துன்னு உங்கப்பனுக்குப் பேரு வெச்சவனும் நான்தான், அதையும் ஞாபகம் வெச்சுக்கோ. அந்தக் கையில ஒட்டின பந்து நழுவி நான் பார்த்ததில்லை.

— கையில என்னடா இருந்துச்சு? ஒரே ஒரு ஜோடி கையுறை. அதுலயும் கட்டை விரல் ஓட்டை.

— அதைத் துவைச்சு பஸ் ஜன்னல் கம்பியில கட்டிவிடுவான் பாப்பா, காயறதுக்கு. பஸ் ஓட ஓட ரெண்டு கையும் ஆடும். ரோட்டோரம் நிக்கிறவங்க யாரோ நம்மளைத்தான் கூப்பிடறாங்கன்னு பதிலுக்குக் கையாட்டுவாங்க. ஊர் ஊரா அப்படித்தான் போனோம். பின் சீட்டுல நம்ம பேக் ஆட்டக்காரன், 'சுவரு'ன்னு கூப்பிடுவோம், குறட்டை விடுவான். பஸ்ஸு முழுக்க முட்டிக்குத் தேய்க்கிற தைலத்து வாசனை.

— சுவருக்குப் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. நான்தான் உட்காருவேன்.

— ஆட்டத்துலயும் அப்படித்தானே? அவன் முன்னாடி, நீ பின்னாடி. ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்க. நீ தொண்டையைச் செருமினா அவன் இடது பக்கம் நகருவான்.

— ரெண்டு தடவை செருமினா வலது பக்கம்.

— அவனுக்கு ஒரு தடவை ஜலதோஷம் வந்து, அவனே செருமிச் செருமி... அன்னைக்கு ஆறு கோலு வாங்கினோம்டா!

— அஞ்சு.

— ஆறு. நான் வர்ணனை பண்ணினவன்டா, எனக்குத் தெரியாதா?

— அந்த ஆறுல நீ எத்தனையைப் பார்த்தே?

— அடப்பாவி.

— சரி, சிரிச்சாச்சு. அதெல்லாம் கிடக்கட்டும். அப்பா, கடிதாசோட வெச்சு அனுப்ப உங்க போட்டோ வேணும். யூனிஃபார்ம் போட்டு, கையுறையோட ஒண்ணு எடுத்துக்கிட்டீங்களே, அது. அம்மாவோட தகரப் பெட்டியிலதானே இருக்கு?

— அந்தப் பெட்டிச் சாவி எங்கயோ போயிடுச்சும்மா.

— அம்மா போனப்போ கேட்டேன், சாவி இல்லேன்னீங்க. வெள்ளையடிக்கிறப்போ கேட்டேன், இல்லேன்னீங்க. பூட்டை உடைச்சுடட்டுமா?

— வேணாம்! விடு. அவ தொட்ட பூட்டு, அப்படியே இருக்கட்டும்.

— உங்கம்மாவுக்கு நான் ரேடியோவுலயே சேதி அனுப்புவேன், தெரியுமா பாப்பா?

— என்ன சேதி?

— இவன் யார் மேலயாவது மோதி விழுவான். ஊரெல்லாம் ஐயய்யோங்கும். எழுந்து நின்னதும் நான், 'வானம் தெளிவாக இருக்கிறது நேயர்களே'ம்பேன். அடி ஒண்ணுமில்லேன்னு தங்கச்சிக்குப் புரிஞ்சுடும். கொட்டுற மழையிலகூட ஒரு தடவை சொல்லிட்டேன். ஸ்டேஷன் டைரக்டர் கூப்பிட்டு, கண்ணு தெரியுதாய்யா உனக்குன்னு கேட்டாரு.

— அவ வாசல்லயே நிப்பா. 'இன்னைக்கு வானம் மூணு தடவை தெளிஞ்சுதாமே'ம்பா. செருப்பைக் கழட்ட விடமாட்டா. முதல்ல முட்டியைத் தொட்டுப் பார்ப்பா.

— ஆனா அந்தக் கடைசி ஆட்டத்தன்னைக்கு அம்மா ரேடியோவே போடலை மாமா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பக்கத்து வீட்டுலேர்ந்து உங்க குரல் வருது. போடும்மா போடும்மான்னு நான் அழறேன். பேட்டரி தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. ஜன்னலையும் சாத்திட்டாங்க.

— நல்லவேளை. அந்த வரியை என் வாயால கேட்காம இருந்தாளே, அது போதும்.

— ம்.

— அவ சாவுக்கு வந்து நான் கேட்டுக்கு வெளியிலயே நின்னேன்டா. உள்ளே வரத் தைரியம் வரலை.

— பார்த்தேன். கூப்பிடலாம்னுதான் நினைச்சேன்.

— மாமா, வரியை விடுங்க. அது வாய் தவறிச்சு, சரி. விசாரணையில ஏன் அப்படிச் சொன்னீங்க? எனக்கு அதுதான் பொறுக்கலை.

— பயம் பாப்பா. மூணு பேரு உட்கார்ந்திருந்தாங்க. உங்கப்பன் காசு வாங்கினான்னு பேச்சுதான், அத்தாட்சி ஒண்ணும் இல்லை. சூரியன் கண்ணுல அடிச்சுது, பந்து தெரியலைன்னு இவன் சொன்னான். கூட்டத்துல ஒருத்தன் ஒரு மாதிரி சொல்றான், இன்னொருத்தன் வேற மாதிரி சொல்றான். அப்போ என்னைக் கூப்பிட்டாங்க. 'நீங்க கோலுக்குப் பக்கத்துலயே இருந்தீங்க. பந்து வர்றதைப் பார்த்துக்கிட்டேதான் அவர் நின்னாரா? உங்க கண்ணால பார்த்தீங்களா?'ன்னாங்க. பார்க்கலைன்னா, பார்க்காததை ஏன் சொன்னேன்னு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பார்த்தேன்னுட்டேன். அதை வெச்சுத்தான், இனி எந்த டீமுக்கும் ஆடக்கூடாதுன்னு எழுதினாங்க.

— சுவரு என்ன சொன்னான் தெரியுமாடா அப்போ?

— தெரியும். சாகற வரைக்கும் சொன்னானே! 'கோந்து விலைபோக மாட்டான்'னு எத்தனை பேரு சட்டையைப் பிடிச்சிருப்பான்.

— ஆமாம். அவன் கண்ணைப் பார்க்க முடியாமத்தான் நான் வேற ஊருக்கு வேலைக்குப் போனேன்.

— நீங்க ஏம்ப்பா தலையைக் குனியணும்? ஊரு வாய்க்கு என்ன? அடுத்த வருஷமே வீடு கட்டிட்டாரு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. அம்மா நகை மொத்தத்தையும் வித்தது யாருக்குத் தெரியும்? சாகற வரைக்கும் ஒரு பொட்டுத் தங்கம் போட்டுக்கலை எங்கம்மா. என் கல்யாணத்துக்கு அத்தைகிட்ட இரவல் வாங்கித்தான் நான் போட்டுக்கிட்டேன் மாமா. இந்த வீட்டுச் சுவரைத் தொடறப்போ எல்லாம் எனக்கு அவங்க கழுத்துதான் ஞாபகம் வரும்.

— டீ ஆறிடுச்சு பாரும்மா. வேற போட்டுக் கொண்டா.

— டீயெல்லாம் அப்புறம். மாமா, கடிதாசைப் படிங்க.

— 'மாண்புமிகு சங்கத்தாருக்கு. மைதானம் கண்ட மாவீரன், வலை காத்த வேங்கை...'

— மாமா, வேங்கையெல்லாம் வேணாம்னு சொன்னேனே.

— ஒரே ஒரு வேங்கை பாப்பா, இருந்துட்டுப் போகட்டும். 'அன்று நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். கோல் விழுந்ததை நான் பார்க்கவில்லை. விசாரணையில் நான் பார்த்ததாகக் கூறியது பொய். என் வர்ணனையில் நான் கூறியது உண்மைக்கு மாறானது. ஒரு நேர்மையான ஆட்டக்காரரின் வாழ்க்கை என் நாக்கால் போயிற்று.' அவ்வளவுதான். கீழே என் கையெழுத்து. சம்மதம்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும்.

— இப்ப எதுக்குடா இதெல்லாம்? எனக்கு அறுபத்தெட்டு ஆகுது.

— புது மைதானத்துல போய்ப் பார்த்தியா நீ? உள்ளே நுழைஞ்சதும் ஒரு நீளச் சுவரு. நம்ம டீமு போட்டோ எல்லாம் வரிசையா மாட்டியிருக்காங்க. பத்து பேரு நிக்கிறாங்கடா. ஒரு கட்டம் காலி. கோல்கீப்பர் இல்லாத டீமு. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு, யாரு இதுல இல்லேன்னு கேட்கறாங்க. என்னால அந்தச் சுவத்தைத் தாண்டிப் போக முடியலை.

— அதுக்காக மாமா எதை விடறாருன்னு கேளுங்கப்பா.

— பாப்பா, அதைச் சொல்லக் கூடாதுன்னு பேச்சு.

— சொல்லுவேன். அங்கே வர்ணனை பண்ற அறைக்கு மாமா பேரு வெச்சிருக்காங்க. பலகைகூட மாட்டியாச்சு. இந்தக் கடிதாசு போனா நாளைக்கே அதைக் கழட்டிடுவாங்க. பேப்பர்லயும் போடுவாங்க.

— என்னடா மைக்கு இது?

— போகட்டும் விடு. முப்பது வருஷம் கத்தினதுக்கு ஒரு பலகை. அதைப் பார்த்தாலே எனக்கு மேஜைக்காலுதான் ஞாபகம் வருது.

— உனக்கு வேற என்னடா இருக்கு? புள்ளையா, குட்டியா? அந்தக் குரலு ஒண்ணுதானே. பொய் சொன்ன வாயின்னு எழுதிடுவாங்களே.

— சொன்னேன்தானே?

— மணி என்னம்மா ஆச்சு?

— ஏன்டா பேச்சை மாத்தறே? என்னை மன்னிக்க மனசு வரலையா?

— கடிதாசைக் குடு.

— இந்தா. பேனா வேணுமா?

— வேணாம். இதுல ஒரு வரி இருக்கே, 'என் வர்ணனையில் நான் கூறியது உண்மைக்கு மாறானது'ன்னு. அந்த வரி பொய்டா.

— புரியலை.

— நீ மேஜைக்கு அடியில இருந்தே, சரி. பார்க்கலை, அதுவும் சரி. ஆனா மேல என்ன நடந்துச்சோ அதைத்தான் சொல்லியிருக்கே. ஒரு எழுத்து பிசகலை.

— அப்பா, என்ன பேசறீங்க? சூரியன் கண்ணுல அடிச்சுதுன்னு...

— அடிச்சுதும்மா. ஆனா அதுக்கு முன்னாடியே பந்தைப் பார்த்துட்டேன். குழந்தை உருட்டிவிட்ட மாதிரி வந்துச்சு. ரெண்டு எட்டு வெச்சிருந்தா காலாலயே நிறுத்தியிருப்பேன். வைக்கலை. நின்னு வழியனுப்பித்தான் வெச்சேன்.

— கோந்து...

— முட்டி போயிடுச்சுடா. அடுத்த வருஷம் டீமுல இடமில்லேன்னு சொல்லிட்டாங்க. ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஒருத்தன் பணத்தோட வந்தான், ஒரே ஒரு கோலுன்னான். அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ ஒண்ணும் பேசலை. ரேடியோவுலேர்ந்து பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டா.

— நான் நம்ப மாட்டேன்ப்பா. மாமாவோட பலகையைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? இந்த வீடு அம்மா நகையை வித்துக் கட்டினது. அம்மாவே என்கிட்ட சொல்லியிருக்காங்க. அம்மா பொய் சொல்லுவாங்களா?

— இந்தாம்மா.

— என்னது, பெட்டிச் சாவியா... தொலைஞ்சுபோச்சுன்னீங்களே?

— தொலையலை. போட்டோதானே கேட்டே? போய்ப் பெட்டியைத் திற. போட்டோவுக்கு அடியில ஒரு துணி மூட்டை இருக்கும், உங்கம்மா நகை ஒரு குண்டுமணி குறையாம அதுக்குள்ள இருக்கு. வித்துட்டேன்னு ஊருக்குச் சொன்ன நாள்லேர்ந்து அவ அதைத் தொடவே இல்லை.