முதலாளியின் எடை

எங்கள் வீட்டுப் பூனைக்கு வயிறு கிடையாது, டாக்டர். அடியில்லாத சாக்குதான் உண்டு. தின்று முடித்துத் தட்டை நக்கும், தட்டு இருந்த தரையையும் நக்கும், பிறகு நாம்தான் அதற்குக் கடன்பட்டவர்கள் என்பதுபோல் முறைக்கும். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் அக்கா அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தாள்.

நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். பூனையிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

அக்காவின் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். குழந்தை பிறந்ததும், "அம்மா, இனிமே எங்களோடயே இருந்துடுங்க" என்று கூப்பிட்டான். பூனையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள் அக்கா. விமானத்தில் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பூனை எட்டுக் கிலோவுக்குள் இருக்க வேண்டுமாம். முதலாளி பதினொன்று. என்னை அழைத்துப் போவது பற்றி யாரும் பேசவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு எடை வரம்புகூட யாரும் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து முதலாளிக்குப் பத்தியம். காலையும் மாலையும் அரைக் கிண்ணம், அக்கா கையால். "ஏண்டி, அது தலைகீழா நின்னு கத்தினாலும் ஒரு பருக்கை போடக் கூடாது. உனக்கு இளகின மனசு" என்றாள்.

உண்மைதான். நான் முன்னறையில் தையல் மெஷின் வைத்து, துணிகளைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கிறவள். பகலில் அக்கா கண்ணயர்ந்ததும் முதலாளி வந்து என் காலை உரசும். முட்டை கொடுத்தேன், மீன் கொடுத்தேன், பாலாடை கொடுத்தேன். அது குண்டாக இருக்கும்வரை அக்கா என்னோடு இருப்பாள். பசித்த வாயும் நிறைகிறது, வீடும் காலியாகாமல் இருக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் பூனையின் எடை குறைந்துகொண்டே வந்தது.

முதல் தடவை பூனை மருத்துவர், "இது பூனையா, தலையணையா?" என்று கேட்டுவிட்டதால் அக்கா மறுபடி அங்கே போகவில்லை. வீட்டிலேயே நிறுத்தாள். முதலாளி எடை மெஷினில் நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு இவள் ஏறுவாள். வரும் எண்ணில் தன்னுடைய அறுபது கிலோவைக் கழிப்பாள். பல வருஷமாக அவள் அறுபது. பிறந்த தேதியைப்போல அதுவும் மாறாது என்று நினைத்தாள்.

"பத்து", "ஒன்பதுதான்டி", "எட்டரை" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

என் மடியில் படுக்கும் பூனையின் கனம் எனக்குத் தெரியாதா? அதன் கழுத்துப்பட்டையை நானே தளர்த்தியிருந்தேன். பூனை இளைக்கவில்லை, டாக்டர்.

அக்காவுக்கும் அப்போது பசி. சாப்பிட்டு எழுந்த கையோடு அடுப்படியில் எதையாவது தேடுவாள். தண்ணீர் குடித்தபடியே இருப்பாள். தோள் எலும்பு துருத்தியது. மகன் போனில் முகத்தைப் பார்த்து, "சித்தி, அம்மா ஏன் இப்படி இருக்காங்க?" என்றான். போன் அப்படித்தான் காட்டும் என்று சொன்னேன்.

இளைப்பது பூனை இல்லை, நீதான் என்று சொன்னால் என்ன ஆகும்? மறுபடி எடை போடுவாள், நான் போட்ட மீன் தெரிந்துவிடும், பூனையை உண்மையாகவே இளைக்க வைத்து ஏறிப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் விமான நிலையத்து மெஷின் பூனையைத் திருப்பி அனுப்பும், அவளும் திரும்புவாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

சட்டைகள்தான் காட்டிக்கொடுத்துவிடும்போல் இருந்தன. அதனால் அவள் குளிக்கப் போகும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத் தையலில் பிடித்தேன். மோதிரம் நழுவ ஆரம்பித்ததும் உள்பக்கம் நூல் சுற்றினேன். கண்ணாடி முன்னால் நின்று, "பரவாயில்லையே, எனக்கு எல்லாம் அளவாத்தான் இருக்கு" என்பாள்.

எட்டைத் தொட்ட அன்று பூனையைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்தாள். டிக்கெட் போடச் சொன்னாள். பெட்டியை இழுக்கும்போதுதான் விழுந்தாள்.

ரொம்ப நாளாகக் கவனிக்காத சர்க்கரை என்கிறீர்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லையா என்கிறீர்கள். தெரியும். எங்கள் அப்பாவும் இப்படித்தான் தின்று, தண்ணீராய்க் குடித்து, இளைத்துப் போய்ச் சேர்ந்தார். அக்கா அப்போது கல்யாணமாகிப் போயிருந்தாள். பார்த்துக்கொண்டது நான். எந்தக் கட்டத்துக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். அக்கா தண்ணீர் பாட்டிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்த அன்றே எனக்குத் தெரியும்.

இப்போது இன்னும் கண் திறக்கவில்லை. திறப்பாள். இந்தப் பையில் அவளுக்கு ஒரு சட்டை இருக்கிறது, வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக. இன்று காலையில்தான் இன்னும் கொஞ்சம் பிடித்தேன். நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். கச்சிதமாக இருக்கும்.